கடினமான வேலையைக் கடைசிக்குத் தள்ளும் மென்பொருள் குழுக்கள்

ப்ராஜெக்ட் தொடங்கி இரண்டு வாரத்தில் டெமோ கேட்டால் பல குழுக்கள் லாகின் பக்கத்தைத்தான் காட்டும். பாஸ்வேர்ட் மறந்தால் மீட்கும் வசதிகூட அதில் இருக்கும். பழைய சிஸ்டத்தின் டேட்டா புதியதற்குள் சரியாக வருமா, நெட் இல்லாதபோது இருவர் ஒரே பதிவைத் திருத்தினால் யாருடையது நிற்கும் என்றெல்லாம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். லாகின் வேலை செய்யும் என்பதில் யாருக்குச் சந்தேகம்? சந்தேகம் இல்லாததை முதலில் செய்வதுதான் அடிப்படைத் தவறு.

அடுத்தது, போலி டேட்டாவை வைத்துத் திரைகளை முடித்துவிட்டு "எண்பது சதவீதம் முடிந்தது" என்று ரிப்போர்ட் அனுப்புவது. பத்து வரி டேட்டாவில் பளிச்சென்று திறக்கும் பட்டியல், பத்து லட்சம் வரி வந்ததும் திணறலாம். அப்போது கை வைக்க வேண்டியது டேட்டாபேஸ் வடிவமைப்பில். அதன் மேல் எழுதியதையெல்லாம் கூடவே மாற்ற வேண்டிவரும். முதல் 90 சதவீத நிரலுக்கு 90 சதவீத நேரம் போகும், மீதி 10 சதவீதத்துக்கு இன்னொரு 90 சதவீத நேரம் போகும் என்று பெல் லேப்ஸ் ஆய்வகத்தின் டாம் கார்கில் கிண்டலடித்தது 1985-லேயே அச்சில் வந்துவிட்டது.

பிளானிங் போர்டில் "இன்டக்ரேஷன் - 3 நாள்" என்று, அதாவது தனித்தனிப் பகுதிகளை இணைக்க மூன்று நாள் என்று, ஒரு கார்டு கடைசி வரிசையில் கிடந்தால் உஷாராகுங்கள். அந்த மூன்று நாள் கணக்கு எங்கிருந்தும் வந்ததில்லை. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.காவ்-இல் எல்லாப் பகுதிகளையும் இணைத்துச் சோதித்தது திறப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான். 2013 அக்டோபர் 1-ல் தளம் திறந்தது. முதல் நாளில் காப்பீட்டுப் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர்.

திரை அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே ஒரு பதிவு ஆரம்பம் முதல் முடிவு வரை எல்லாப் பகுதிகளையும் கடந்து போகட்டும். பணம் வாங்கும் பேமென்ட் கேட்வே, வெளி ஏபிஐ (பிறர் மென்பொருளோடு பேசும் இணைப்பு) எல்லாம் நிஜமானவையாக, சோதனைக் கணக்கிலாவது, இருக்கட்டும். தெரியாத விஷயத்துக்கு இரண்டு, மூன்று நாள் ஸ்பைக் (விடை தேடிச் செய்யும் சிறு சோதனை வேலை) ஒதுக்குங்கள். "இது முடியாது" என்பதும் நல்ல பதில்தான். அதைக் கொண்டுவந்தவரை மேனேஜர் முறைத்தால் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

இதற்காகக் கடினமான எல்லாவற்றையும் முன்னால் இழுக்கவும் வேண்டாம். கடினம் வேறு, தெரியாதது வேறு. முன்பே செய்து பழகிய சிக்கலான ரிப்போர்ட் காத்திருக்கலாம். அப்புறம், ஸ்பைக்கில் அவசரமாக எழுதிய நிரலை அப்படியே பயனர்கள் கைக்குப் போகும் ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பாதீர்கள். விடை கிடைத்ததும் அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.