ட்ரோக்பாவின் முதல் போஸ்ட் ஹெட்டர்: பழகும் முறை

2012 மே 19, மியூனிக். சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. 83ஆவது நிமிடத்தில் தாமஸ் முல்லர் கோல் போட்டு பேயர்னை முன்னிலைக்குக் கொண்டுபோய்விட்டார். அன்று பேயர்னுக்கு 20 கார்னர், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் உதை. செல்சிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, அதுவும் 88ஆவது நிமிடத்தில். வலது மூலையிலிருந்து ஹுவான் மாட்டா இடக்காலால் உள்வளைத்து அனுப்பினார். செல்சியின் டிடியே ட்ரோக்பா முதல் போஸ்டை, அதாவது அந்த மூலைக்கு அருகிலுள்ள கோல் கம்பத்தை, நோக்கிப் பாய்ந்து வந்து தலையால் முட்டினார். பேயர்ன் கோல்கீப்பர் மானுவல் நோயரால் தடுக்க முடியவில்லை. ஆட்டம் சமனானது. பிறகு பெனால்டி ஷூட்அவுட்டில் கோப்பையை வென்று கொடுத்த கடைசி உதையும் ட்ரோக்பாவுடையதே.

அந்த ஹெட்டரைப் பார்க்கிறவர்கள் கழுத்து பலத்தைத்தான் பேசுவார்கள். உண்மையில் அதன் உயிர் கால்களில் இருக்கிறது. எப்போது கிளம்புவது என்பதுதான் கற்க வேண்டிய முதல் பாடம். 21 வயதில்தான் பிரெஞ்சு கிளப்பான லெ மான்ஸில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட்ட ட்ரோக்பா, செல்சிக்காக 164 கோலும் ஐவரி கோஸ்டுக்காக 105 ஆட்டங்களில் 65 கோலும் அடித்தார். ஆகவே தாமதமாகத் தொடங்கியவர்கள் தயங்க வேண்டாம்.

அந்த கோலின் வீடியோவை மூன்று முறை பாருங்கள். முதல் முறை பந்தை. இரண்டாம் முறை ட்ரோக்பாவின் கால்களை மட்டும். மூன்றாம் முறை அவரைச் சுற்றியுள்ள டிஃபெண்டர்களை. பந்து வரும் இடத்தில் அவர் காத்து நிற்கவில்லை, பந்தும் அவரும் ஒரே நேரத்தில் அங்கே வந்து சேர்கிறார்கள் என்பது மூன்றாவது முறைதான் முழுதாகப் புரியும்.

இடம் குறித்தல். முதல் போஸ்டுக்கு நேராக, கோல் கோட்டிலிருந்து 4 முதல் 5 மீட்டர் தள்ளி ஒரு கோன் வையுங்கள். முட்ட வேண்டிய இடம் அது. 11 மீட்டரில் இருக்கும் பெனால்டி புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு கோன். ஓட்டம் அங்கிருந்து.

கிளம்பும் நொடி. கார்னர் உதைப்பவரின் ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில் தரையில் பதிவதைப் பாருங்கள். அந்தக் கால் பதிந்ததும் கிளம்ப வேண்டும். வேகமான கார்னர் முதல் போஸ்டுக்கு வர ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். ஏழு மீட்டர் ஓட்டத்துக்கும் அவ்வளவுதான். அவர் கை தூக்கியதுமே ஓடிவிட்டால் பந்துக்கு முன்பே போய் நின்றுவிடுவீர்கள். நின்ற இடத்திலிருந்து குதிப்பவருக்கு உயரமும் வராது, டிஃபெண்டரும் வந்து ஒட்டிக்கொள்வார். கிளம்புவதற்கு முன் இரண்டடி பின்வாங்கி, தூரத்துக் கம்பமான இரண்டாம் போஸ்ட் பக்கம் போவதுபோல் காட்டுங்கள். டிஃபெண்டரின் எடை பின்னங்காலுக்குப் போனதும் அவருக்கு முன்னால் வெட்டிப் புகுங்கள்.

இந்த ஓட்டத்தைப் பந்தே இல்லாமல் 10, 12 முறை செய்யலாம். தலைக்கு ஒரு அடியும் விழாமல் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

முட்டுதல். ஒற்றைக் காலில் எழும்புங்கள், மறு முழங்கால் மேலே வரட்டும். புருவத்துக்கு மேலே, முடி தொடங்கும் இடத்துக்குக் கீழே இருக்கும் தட்டையான நெற்றிதான் பந்தைத் தொட வேண்டும். வாய் மூடியிருக்கட்டும், இல்லையென்றால் நாக்கு கடிபடும். தாடையைச் சற்று உள்ளிழுத்துக் கழுத்தை இறுக்குங்கள். வலது கார்னர் என்றால் பந்து வலமிருந்து வரும், அதைப் பார்த்துத் திரும்பும்போது கோல் உங்கள் இடப்பக்கம் இருக்கும். இடுப்பிலிருந்து உடம்பே திரும்ப வேண்டும். கழுத்தை மட்டும் வெட்டித் திருப்பினால் வேகமும் போய்விடும், கழுத்தும் பிடித்துக்கொள்ளும்.

பந்தைத் தரையை நோக்கி முட்டு என்பது பொதுவான பாடம். முதல் போஸ்டில் அது எப்போதும் சரிவராது. கோல்கீப்பர் மிக அருகில் இருக்கிறார். கீழே வரும் பந்து அவர் காலில் பட்டுத் திரும்பலாம். பந்தின் நடுப்பகுதியை முழு வேகத்தில் அடித்து, கோலின் மேல்கம்பியான கிராஸ்பாருக்குச் சற்றுக் கீழே அனுப்பப் பாருங்கள். அடிப்பகுதியில் பட்டால் பந்து பாருக்கு மேலே போய்விடும்.

படிப்படியாக. முதலில் மென்மையான ஸ்பாஞ்ச் பந்து, நண்பர் 3 மீட்டரிலிருந்து கையால் தூக்கிப் போடட்டும். அடுத்து, அதே பந்தைப் பக்கவாட்டிலிருந்து போடச் சொல்லி, மூன்றடி ஓடிவந்து முட்டுங்கள். கண் மூடாமல் ஐந்துக்கு நான்கு சரியாக வந்தபிறகுதான் உண்மையான பந்து. காற்று அளவுக்கு மீறி இருக்கக்கூடாது. விதிப்படி அழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம், பயிற்சிக்குக் கீழ் அளவே போதும். கடைசியில்தான் உண்மையான கார்னர்.

எண்ணிக்கையில் கறாராக இருங்கள். நீண்ட தூரத்திலிருந்து வேகமாக வரும் பந்தை ஒரு வாரப் பயிற்சியில் பத்து முறைக்கு மேல் முட்டக்கூடாது என்பது இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல். 11 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டரே வேண்டாம் என்று 2020இல் சொல்லிவிட்டார்கள். தலை சுற்றினாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்தி, மருத்துவரைப் பாருங்கள்.

எங்கே தவறுகிறது? பந்து உச்சந்தலையில் பட்டுப் பின்னால் போகிறது என்றால், பந்துக்கு அடியில் ஓடிப்போயிருக்கிறீர்கள். அரை நொடி தாமதமாகக் கிளம்புங்கள். காதோரம் படுகிறது என்றால் கண் மூடிக்கொள்கிறது. ஸ்பாஞ்ச் பந்துக்கே திரும்புங்கள். டிஃபெண்டரின் தோளில் கை ஊன்றி எழும்பினால் ஃபவுல். சமநிலைக்குக் கை விரியலாம், ஆனால் முழங்கை அவர் முகத்துக்குப் போகக்கூடாது.

பாதிக்குப் பாதி தவறு உதைப்பவருடையதாகவும் இருக்கும். முதல் டிஃபெண்டரின் தலையைத் தாண்டி, குறித்த கோன் மேலே இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், வேகம் குறையாமல் பந்து வர வேண்டும். மிதந்து வரும் பந்தில் இந்த ஹெட்டர் வராது. ஆட்டத்தில் இன்னொருவர் இரண்டாம் போஸ்ட் பக்கம் இருக்க வேண்டும். உரசிப் போகும் பந்து அவரிடம்தான் போகும். எல்லோரும் முதல் போஸ்டுக்கு ஓடினால், நீங்கள் திறந்த இடத்தை உங்கள் ஆட்களே அடைத்துவிடுவார்கள்.