புதுத் தங்கமீன் தொட்டியில் தண்ணீர் கலங்கினால் செய்யக் கூடாதவை

தொட்டியில் கல் பரப்பி, தண்ணீர் நிரப்பி, மீனை விட்ட முதல் நாள் எல்லாமே பளிச்சென்று இருக்கும். இரண்டாம் நாளும் குறையில்லை. மூன்றாம் நாள் காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால், யாரோ ஒரு கரண்டி பாலை உள்ளே ஊற்றிக் கலக்கிவிட்டதுபோல் இருக்கும். பின்பக்கக் கண்ணாடி தெரியாது. மீன் நம்மை நோக்கி வரும்போது முதலில் மங்கலாக ஓர் ஆரஞ்சு நிறம், அப்புறம்தான் கண்ணும் வாயும்.

இந்தக் கலங்கலால் சாகிற மீன்களைவிட, கலங்கலைப் பார்த்துப் பதறி நாம் செய்கிற வேலைகளால் சாகிற மீன்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம். என் முதல் தொட்டியில் நானும் அதைத்தான் செய்தேன். இருந்த தண்ணீர் முழுவதையும் வெளியேற்றினேன். கற்களை வாளியில் போட்டுத் தேய்த்தேன். பில்டரின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து, அழுக்கு போகும்வரை பிழிந்தேன். புதுத் தண்ணீர் நிரப்பினேன். அன்று மாலை தொட்டி அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே வெண்மை. மறுபடியும் முழுசாகக் கழுவினேன். மூன்றாவது முறை கலங்கியபோது இரண்டு மீன்களில் சின்னது மேல்மட்டத்தில் வாயை வைத்துக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அது இல்லை. தண்ணீர் அப்போதும் கலங்கலாகத்தான் இருந்தது. அந்த மீனுக்கு நான் செய்தது என்ன என்று புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின.

முதலில் எந்தக் கலங்கல் என்று பாருங்கள்

எல்லாக் கலங்கலும் ஒன்றல்ல. காரணம் தெரியாமல் கையை வைப்பதுதான் முதல் தவறு. தண்ணீர் நிரப்பிய சில மணி நேரத்திலேயே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது கல்லின் தூசு. சரளைக்கல்லை வாங்கியபடியே கொட்டாமல், வடிகிற நீர் தெளியும்வரை நன்றாக அலச வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது கல்லின் மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்றினால் தூசு கிளம்பாது. கண்ணாடியெங்கும் பொடிப்பொடியாகக் குமிழ்கள் ஒட்டியிருந்தால் அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று, தானாகப் போய்விடும். புதிதாக மரக்கட்டை வைத்து, தண்ணீர் வடித்த தேநீர் நிறத்துக்கு மாறினால் அது கட்டையிலிருந்து இறங்கும் சாயம். மீனுக்குத் தீங்கில்லை. சில வாரங்கள் கழித்துப் பச்சையாக மாறினால் அது மிதக்கும் பாசி. வெயில் படுகிற இடத்திலிருந்து தொட்டியை நகர்த்தி, விளக்கைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், பால் கலந்ததுபோல் வெண்மையாக வருவதுதான் புதுத் தொட்டியின் கலங்கல். சந்தேகமிருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டி நீரை மொண்டு, அசையாத இடத்தில் சில மணி நேரம் வையுங்கள். தூசு என்றால் அடியில் மெல்லிய படலமாகப் படிந்து மேலே தெளிந்துவிடும். பாக்டீரியா என்றால் வைத்தது வைத்தபடி மங்கலாகவே இருக்கும், ஏனென்றால் அந்தப் புகைமூட்டமே உயிருள்ளது.

மீனின் கழிவு, தின்னாமல் விட்ட உணவு, தண்ணீரில் கரைந்த மற்ற சத்துகள் எல்லாம் சேர்ந்து சில வகைப் பாக்டீரியாக்களுக்கு நல்ல விருந்தாகின்றன. சாதகமான சூழலில் இவை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகக் கூடியவை. போட்டிக்கு ஆளில்லாத புதுத் தொட்டியில் கோடிக்கணக்காகப் பெருகி நீரை வெளுக்க வைக்கின்றன. உணவு தீர்ந்ததும் அவையே குறைந்துவிடும். சில நாளில் தெளியலாம், இரண்டு வாரமும் ஆகலாம்.

தண்ணீர் முழுவதையும் மாற்றுவது

அழுக்கு என்று நினைப்பதால்தான் மாற்றத் தோன்றுகிறது. ஆனால் எவ்வளவு துடைத்தாலும் கொஞ்சம் பாக்டீரியா மிஞ்சும், புதுத் தண்ணீரோடு புதுச் சத்தும் வரும். இரண்டே நாளில் பழைய நிலை திரும்பிவிடும். இடையில் மீன் பிடிபட்டு, வாளியில் அடைபட்டு, வேறு வெப்பநிலையும் வேறு காரத்தன்மையும் உள்ள நீரில் விழுந்திருக்கும். ஒரு வாரத்தில் இரண்டு முறை இப்படி நடந்தால் எந்த மீனும் நொந்துபோகும்.

அதற்காகத் தண்ணீரைத் தொடவே கூடாது என்பதும் சரியில்லை. மீனின் கழிவாக நீரில் சேரும் நஞ்சான அம்மோனியா ஏறியிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். நான்கில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி. தொட்டி நீரின் வெப்பநிலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, குளோரினை நீக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும். தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். குளோரினுக்கு அது ஓரளவு உண்மை. சில இடங்களில் குழாய்த் தண்ணீரில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் சேர்க்கிறார்கள். அது ஒரு நாளில் போகாது. மருந்துதான் வழி.

பில்டரைக் குழாயடியில் கழுவுவது

என் மீனைக் கொன்றது இந்தத் தவறுதான் என்று நம்புகிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தங்கமீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. அதாவது மூச்சுவிடும் ஒவ்வொரு கணமும் தன்னைச் சுற்றிய நீரில் நஞ்சு கலக்கிறது. குளத்திலும் ஆற்றிலும் அது நீர்த்துப்போகும். நாலு கண்ணாடிச் சுவருக்குள் எங்கே போகும்? அங்கே உதவிக்கு வருவது வேறு இரண்டு வகை நுண்ணுயிர்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான்; செவுள் வழியாக ரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். கடைசியில் வரும் நைட்ரேட் மட்டும், அளவோடு இருந்தால், மீனுக்குப் பெரிய தொல்லையில்லை.

இந்த நல்ல நுண்ணுயிர்கள் மிக நிதானமானவை. ஒருமுறை இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். தவிர, இவை தண்ணீரில் மிதந்து திரிவதைவிட எங்காவது ஒட்டிக்கொண்டு வாழ்வதையே விரும்பும். கல், கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலாக நீர் ஓடிக்கொண்டே இருக்கிற பில்டர் ஸ்பாஞ்ச். அந்தப் பழுப்பு நிற வழவழப்பு இருக்கிறதே, நாம் அருவருப்போடு பிழிந்து எறிவது, அதில்தான் அவை குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் குளோரின் சேர்ப்பதே கிருமிகளைக் கொல்லத்தான். நல்லது கெட்டது என்று அது பிரித்துப் பார்க்காது. மூன்று வாரமாக வளர்ந்ததை மூன்று நிமிடத்தில் அழித்துவிட்டு, கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறோம்.

முதல் மாதம் ஸ்பாஞ்சைத் தொடாமல் விடுவதே நல்லது. நீரோட்டம் குறைந்து தொட வேண்டி வந்தால், தொட்டியிலிருந்து எடுத்த நீரையே ஒரு வாளியில் வைத்து, அதில் இரண்டு மூன்று முறை மெல்ல அமுக்கி எடுங்கள். வெள்ளையாகும்வரை தேய்க்க வேண்டாம். ‘சத்தம் போடுகிறது’ என்று இரவில் பில்டரை நிறுத்துவதும் இதே கேட்டைத்தான் செய்யும். நீர் ஓடாத பில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். பில்டர் இரவும் பகலும் ஓட வேண்டும்.

உணவு

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. ஆகவே நாள் முழுக்கக் கல்லைக் கிளறி இரை தேடிக்கொண்டே இருக்கும். நம்மைக் கண்டதும் கண்ணாடிக்கு ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்த்தால் மனம் கேட்காது, இன்னும் நாலு குருணை போடுவோம். அந்த நாலு குருணைதான் நாளைய கலங்கல்.

கலங்கியிருக்கும் நாள்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். ஆரோக்கியமான வளர்ந்த மீன் நாலைந்து நாள் உணவில்லாமலே தாங்கும், எனவே பட்டினி போடுகிறோமே என்று வருந்த வேண்டாம். அடியில் விழுந்து ஊறி உப்பிய குருணைகளைச் சின்னக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். நேற்றுப் போட்ட ஒரு குருணையை விரலால் நசுக்கிப் பாருங்கள்: வெண்மையான மாவாகக் கரைந்து நீரில் பரவும். பாக்டீரியாவுக்கு அதைவிடத் தோதான தீனி இல்லை.

தெளிய வைக்கும் மருந்துகள்

சில சொட்டு விட்டால் ஒரே இரவில் தண்ணீர் தெளியும் என்று விற்கிறார்கள். இவற்றில் பல, மிதக்கும் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துப் பில்டரில் சிக்கச் செய்பவை. கல் தூசுக்கு அவை உதவலாம். புதுத் தொட்டியின் வெண்மைக்குக் காரணமான உணவு அப்படியே இருக்கும், ஆக கலங்கல் திரும்பி வரும். இதைவிட மோசம், மீனுக்கு நோய் என்று எண்ணி ஆன்டிபயாட்டிக் ஊற்றுவது. அது நாம் காத்திருந்து வளர்க்கிற நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்துச் சாய்த்துவிடும். கிருமியை அழிக்கும் புற ஊதா விளக்கு பச்சைத் தண்ணீருக்கு நன்றாக வேலை செய்யும். புதுத் தொட்டிக்கு அது அவசியமில்லை.

நேர்மையாகப் பயன் தரும் ஒரே குறுக்குவழி, நோயில்லாத, பல மாதங்களாக ஓடுகிற தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை ஈரம் காயாமல் வாங்கி வந்து உங்கள் பில்டரில் வைப்பது. அது கிடைத்தால் வாரக்கணக்கில் மிச்சமாகும்.

கண்ணை நம்பி இருந்துவிடுவது

தெளிந்த நீரிலும் அம்மோனியா இருக்கும். அதற்கு நிறமே இல்லை. ஆகவே சோதனைப் பெட்டி இல்லாமல் தங்கமீன் வளர்க்காதீர்கள். விளக்கு, பொம்மை, செடி எல்லாம் அப்புறம் வாங்கலாம். சொட்டு விட்டு நிறம் பார்க்கிற வகை நம்பகமானது. முதல் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீரில் ஒரு பங்கை மாற்றுங்கள்.

நீரின் காரத்தன்மையும் கணக்கில் வரும்; அதைக் காட்டும் அளவுதான் பிஎச். அம்மோனியாவின் ஒரு பகுதிதான் கொடிய வடிவத்தில் இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் நூற்றில் ஐந்து பங்குக்கு மேல். அதே அளவு அம்மோனியா ஒரு தொட்டியில் மீனை வாட்டாமல் இருந்து, இன்னொரு தொட்டியில் கொல்வது இதனால்தான்.

கலங்கல் நேரடியாகத் தீங்கு செய்கிற ஒரே வழி ஆக்சிஜன். இவ்வளவு பாக்டீரியாவும் மூச்சுவிட வேண்டுமே! வெப்பம் கூடக்கூட நீரில் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் தங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் உடனே ஏர் பம்ப்பைப் போடுங்கள், அல்லது பில்டரின் வாயை உயர்த்தி மேற்பரப்பு நன்றாக அலையும்படி வையுங்கள். அப்படியே அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்துவிடுங்கள், அவையும் மீனை இப்படித் தவிக்க வைக்கும்.

தொட்டியின் அளவு

பல தவறுகளுக்குப் பின்னால் இருப்பது இதுதான். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள தொட்டி கேட்கப் பெரிதாக இருக்கும். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 54 லிட்டர். கல்லும் மேலே விடுகிற இடைவெளியும் போக இன்னும் குறைவு. ஐந்து லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் அதே மீன் விடும் அம்மோனியா பத்து மடங்கு அடர்த்தியாகும். கட்டைவிரல் அளவில் வாங்குகிற ஒற்றை வால் தங்கமீன் நன்றாக வளர்த்தால் 25 செ.மீ.க்கு மேல் போகும், பத்து வருடத்துக்கு மேல் வாழும். உருண்டை உடல் வகைகளும் கையளவு வளரும். தொட்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, முதல் மாதத்தில் மீன் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. நான்கு மீனை ஒரே நாளில் விடுவது அந்த நிதானமான நுண்ணுயிர்களால் தாங்க முடியாத சுமை.

மீனை விடும் முன்பே தொட்டியை ஓட விட்டுத் தயார் செய்வதை மீன் வளர்ப்பவர்கள் சைக்கிளிங் என்பார்கள். பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும், குளிரில் இன்னும் இழுக்கும். மீனை ஏற்கெனவே விட்டுவிட்டீர்களா? பரவாயில்லை, உணவைக் குறைத்து, சோதித்து, கொஞ்சம் கொஞ்சமாக நீர் மாற்றி அதே தூரத்தைக் கடக்கலாம். மீனைப் பொறுத்தவரை அது கடினமான பாதை. உங்கள் கவனம்தான் அதற்குத் துணை.

ஒரு நாள் காலையில் பார்த்தால் பின்பக்கக் கண்ணாடி மறுபடி தெரியும். அன்றைக்கே இரண்டாவது மீன் வாங்கக் கிளம்பாதீர்கள். பல தொட்டிகளில் நைட்ரைட் உச்சத்துக்குப் போவதே தண்ணீர் தெளிந்த பிறகுதான். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மெல்ல ஏறுவது தெரிந்த பிறகு ஒரே ஒரு மீனைச் சேருங்கள். அடுத்த ஒரு வாரம் மறுபடி ஒரு நாள் விட்டு ஒரு நாள் சோதனை.