ஸ்பேஸ் பாரை எங்கே தட்டுவது, எங்கே விடுவது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜாப் டைப்பிங் செய்துகொடுப்பது என் தொழில். அதற்கு முன்னால் திருப்பாப்புலியூரில் ஓர் இன்ஸ்டிடியூட்டில் பல வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தேன். அதனால் இரண்டு தலைமுறையின் விரல் பழக்கமும் எனக்குத் தெரியும். லோயர், ஹையர் என்ற டைப்ரைட்டிங் தேர்வுகளை முடித்துவிட்டு கோர்ட்டிலும் கலெக்டர் ஆபீசிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், ஊர் வரலாறு, கோயில் மலர், சொந்த வாழ்க்கைக் குறிப்பு என்று தாங்களே அடித்து பென் டிரைவில் கொண்டுவருவார்கள். ஃபோனிலேயே எழுதிப் பழகிய பிள்ளைகள் ஆய்வேட்டோடு வருவார்கள். இரண்டு தரப்பு ஃபைல்களிலும் எழுத்துப்பிழையைவிட இடைவெளிப் பிழைதான் அதிக நேரத்தைத் தின்கிறது.

இதை நீங்களே சரிசெய்துகொள்ளலாம். டைப் கிளாஸில் விரல்களுக்குச் சொன்ன பாடத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மிஷினுக்காகச் சொன்ன இடைவெளிப் பாடத்தை விட்டுவிடுங்கள். தமிழில் எங்கே இடம் விட வேண்டும் என்பதை எந்த டைப் கிளாஸும் சொல்லித்தரவில்லை. அதைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

விரல் பாடம் என்றால், ஆங்கிலத்தில் ஏ எஸ் டி எஃப், தமிழில் ய ள ன க ப என்று நடுவரிசையில் விரலை நிறுத்துவது, கண்ணைப் புத்தகத்தில் வைப்பது, ஸ்பேஸ் பாரைக் கட்டைவிரலால் மட்டும் தட்டுவது. இதில் ஒன்றையும் மாற்றத் தேவையில்லை. இன்றும் வேகமாக அடிப்பவர்கள் இப்படித்தான் அடிக்கிறார்கள்.

இடைவெளிப் பாடம் வேறு. காற்புள்ளிக்குப் பின் ஒரு தட்டு, முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு தட்டு, புதுப் பத்திக்கு ஐந்து தட்டு. இதற்குக் காரணம் உண்டு. டைப்ரைட்டரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். பைக்கா மிஷினில் ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்து, எலைட் மிஷினில் 12. ஒல்லியான ஆங்கில 'ஐ'யும் அகலமான 'டபிள்யூ'வும் ஒரே அளவு கட்டத்துக்குள் உட்காரும். தமிழ் மிஷினிலும் ண-வை நெருக்கித்தான் அடைக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி தனிக் கட்டத்தின் நடுவில் சின்னதாக நின்றால், வாக்கியம் முடிந்தது கண்ணுக்குத் தெரியாது. அதனால் இன்னொரு தட்டு. மிஷின் வருவதற்கு முன்பே ஆங்கில அச்சுக்கூடங்களில் வாக்கியத்துக்கு வாக்கியம் அகலமாக இடம் விடும் வழக்கம் இருந்தது. டைப் அடித்தவர்கள் அதையும் பின்பற்றினார்கள்.

மிஷினுக்காக வளைந்துகொடுத்த இடங்கள் இன்னும் உண்டு. பல ஆங்கில மிஷின்களில் 1 என்ற சாவியே கிடையாது, சின்ன 'எல்' எழுத்தை அடிப்போம். தமிழில் புள்ளிச் சாவியைத் தட்டினால் காகிதத்தைத் தாங்கும் கேரேஜ் நகராது, அதன் பிறகு எழுத்தைத் தட்டினால் இரண்டும் ஒன்றாக விழும். இத்தனை எழுத்தை அந்தச் சின்னப் பலகைக்குள் அடக்கிக்காட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா. அவருடைய உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதைதான்.

கம்ப்யூட்டர் எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதனதன் அகலம். முற்றுப்புள்ளிக்குப் பின் ஒரு தட்டே போதும். 2020-இல் இருந்து மைக்ரோசாஃப்ட் வேர்டு ஆங்கிலத்தில் இரண்டு தட்டைப் பிழை என்றே கோடு போட்டுக் காட்டுகிறது. பக்கத்தை இருபுறமும் சமமாக நிறுத்தினால் இரட்டைத் தட்டு இன்னும் அகன்று வரிக்கு நடுவே ஓட்டை மாதிரி தெரியும். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் அந்த ஓட்டை ஆங்கிலத்தைவிடப் பெரிதாக இருக்கும். குறுகிய பத்தியாக இருந்தால் இருபுறமும் சமப்படுத்தாமல் இடப்பக்கம் மட்டும் நேராக விடுங்கள் என்றுதான் நான் எல்லாருக்கும் சொல்வேன்.

மிஷினில் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று. டி.என்.பி.எஸ்.சி. டைப்பிஸ்ட் வேலைக்கு ஹையர், லோயர் சான்றிதழ் தேவை. அந்தத் தேர்வு முடியும் வரை உங்கள் ஆசிரியர் சொன்னபடியே தட்டுங்கள். நான் இங்கே சொல்வது கம்ப்யூட்டருக்கு.

பழைய ஃபைலைச் சுத்தம் செய்வது

முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேர்டில் 'ஹோம்' பட்டையில் பத்திக் குறி (¶) போட்ட பொத்தான் ஒன்று இருக்கும், அதை அழுத்துங்கள். ஸ்பேஸ் தட்டிய இடமெல்லாம் சின்னப் புள்ளியாகவும், என்டர் தட்டிய இடமெல்லாம் பத்திக் குறியாகவும் தெரியும். டைப்ரைட்டரில் பழகியவர் அடித்த ஃபைல் என்றால் பார்த்தவுடன் சொல்லிவிடலாம்: ஒவ்வொரு வரியின் முடிவிலும் பத்திக் குறி இருக்கும். வரி முடியப்போகிறது என்று மிஷினில் பெல் அடித்ததும் அடுத்த வரிக்குப் போக லிவரைத் தள்ளிய கை, இங்கே என்டரைத் தட்டுகிறது. எழுத்தின் அளவை 12-இலிருந்து 14 ஆக்கினால் போதும், பக்கம் முழுக்க அரை வரியும் முழு வரியுமாக உடையும்.

இதைச் சரிசெய்ய வரிசை முக்கியம். இரட்டை ஸ்பேஸை முதலில் ஒழித்துவிட்டால், ஐந்து ஸ்பேஸ் வைத்துத் தொடங்கிய பத்திகள் எங்கே தொடங்கின என்ற அடையாளமே போய்விடும். எனவே முதலில் உண்மையான பத்திகளைக் காப்பாற்ற வேண்டும். கன்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தினால் தேடி மாற்றும் பெட்டி திறக்கும். அதில் 'மோர்', அப்புறம் 'ஸ்பெஷல்' என்று போனால் பத்திக் குறியைத் தேர்ந்தெடுக்கலாம். தேடும் கட்டத்தில் பத்திக் குறி ஒன்றும் ஐந்து ஸ்பேஸும், மாற்றும் கட்டத்தில் ஃபைலில் வேறெங்கும் வராத ### போன்ற ஓர் அடையாளம். எல்லாவற்றையும் மாற்றுங்கள். பத்திக்கு நடுவே காலி வரி விட்டிருந்தால் இரண்டு பத்திக் குறியைத் தேடி அதே ### ஆக்குங்கள். இப்போது மிச்சமிருக்கும் பத்திக் குறிகள் எல்லாம் வெறும் வரி முடிவு. அவற்றை ஒரு ஸ்பேஸாக மாற்றுங்கள். கடைசியாக ### என்பதைப் பத்திக் குறியாகத் திருப்புங்கள்.

அதன் பிறகுதான் இரட்டை ஸ்பேஸ். தேடும் கட்டத்தில் இரண்டு தட்டு, மாற்றும் கட்டத்தில் ஒரு தட்டு. ஒரே தடவையில் முடியாது, நாலைந்து ஸ்பேஸ் சேர்ந்திருந்தால் பாதி பாதியாகத்தான் குறையும். 'பூஜ்யம் மாற்றங்கள்' என்று வரும் வரை திரும்பத் திரும்ப அழுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதை ஃபைல் முழுக்க ஓடவிடாதீர்கள், உரைநடைப் பகுதியை மட்டும் தேர்வுசெய்து ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் மேற்கோளாகக் கொடுத்த குறளின் ஏழு சீரும் ஒரே வரியாகிவிடும். முகவரியும் அப்படித்தான், கதவு எண்ணில் தொடங்கி அஞ்சல் எண் வரை ஒரே ஓட்டமாகப் போகும்.

பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ள ஸ்பேஸ் வேண்டாம், ரூலரில் மேலே இருக்கும் முக்கோணத்தை இழுங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு அடிப்பவர்கள் 'இப்படிக்கு' என்பதை வலப்பக்கம் கொண்டுபோக ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். வேறு கம்ப்யூட்டரில் வேறு எழுத்துருவில் திறந்தால் அது நடுப்பக்கத்தில் நிற்கும். கன்ட்ரோலும் ஆரும் அழுத்தினால் நேராக வலப்பக்கம் போய்விடும், எங்கே திறந்தாலும் அங்கேயே இருக்கும்.

புதுச்சேரியிலிருந்து வரும் ஃபைல்கள்

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்கள் அனுப்பும் தமிழ் ஃபைல்களில் கேள்விக்குறிக்கும் ஆச்சரியக்குறிக்கும் முன்னால் ஓர் இடைவெளி இருக்கும். அரைப்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் அப்படியே. கவனக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சில் அதுதான் விதி, பள்ளியில் அப்படித்தான் திருத்துவார்கள். பிரெஞ்சு மேற்கோள் குறிக்கு உள்ளேயும் இருபுறமும் இடம் விட வேண்டும். அவர்கள் பிரெஞ்சில் எழுதும்போது அதை விடாமல் பின்பற்றட்டும். தமிழுக்கு நிறுத்தக்குறி சொல்லோடு ஒட்டியிருப்பதே வழக்கம். இடம் விட்டால் வரி மடங்கும்போது கேள்விக்குறி மட்டும் அடுத்த வரியின் தலையில் தனியாக நிற்கும். பிரெஞ்சில் இந்தத் தொல்லை வராமலிருக்க, வரியை அந்த இடத்தில் மடங்கவிடாத 'உடையாத ஸ்பேஸை'ப் போடுவார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். வேர்டில் மொழி பிரெஞ்சு என்று இருந்தால் நீங்கள் இடம் விடாவிட்டாலும் அதுவே விட்டுவிடும். தமிழ்ப் பகுதி முழுவதையும் தேர்வுசெய்து, 'ரிவ்யூ' பட்டையில் மொழியைத் தமிழ் என்று மாற்றிவிடுங்கள்.

அந்த உடையாத ஸ்பேஸ் நமக்கும் வேண்டும். 'ரூ.' ஒரு வரியிலும் '500' அடுத்த வரியிலும் விழாமலிருக்க, நடுவில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். தலைப்பெழுத்துக்கும் பெயருக்கும் நடுவிலும் அதுவே.

தமிழ்ச் சொல்லுக்கு நடுவே

இதுதான் கஷ்டமான பகுதி, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் கூட. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கமே கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். இடைவெளியும் நிறுத்தக்குறியும் அச்சோடு வந்து நிலைத்தவை. அதனால் எங்கே பிரிப்பது என்பதில் இன்றும் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வித்தியாசம் இருக்கிறது. நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

துணைவினையைச் சேர்த்து எழுதுங்கள். 'மழை விட்டு விட்டுப் பெய்தது' என்பதற்கு நடுவில் இடம் வேண்டும். 'குடையை விட்டுவிட்டுப் போனார்' என்பதற்கு வேண்டாம். இரண்டையும் ஒரே மாதிரி அடித்தால் படிப்பவர் ஒரு நொடி தடுக்கி நிற்பார். வந்துவிட்டார், சொல்லிக்கொடுத்தார், பார்த்துக்கொண்டிருந்தார், எல்லாம் ஒரே சொல்லாகவே இருக்கட்டும்.

'அவர்தான் வந்தார்' என்பதில் 'தான்' ஒட்ட வேண்டும். 'தான் வருவதாகச் சொன்னார்' என்பதில் தனியாக நிற்க வேண்டும். வரும்போது, வந்தவுடன், போவதற்குள் என்பவையும் ஒட்டியே வரும். பெயருக்குப் பெயர் அடையாக வந்தால் பிரியுங்கள்: மாவட்ட ஆட்சியர், கடலூர் துறைமுகம்.

இடையில் மிகும் ஒற்று முதல் சொல்லோடுதான் சேரும். 'அந்தப் பெட்டி' என்பதை 'அந்த ப்பெட்டி' என்று அடித்த ஃபைல்கள் இப்போது நிறைய வருகின்றன, ஃபோனில் பரிந்துரைச் சொல்லைத் தொட்டவுடன் அது தானாக ஓர் இடம் விட்டுவிடுவதால் வரும் வினை இது. பின்னால் வந்து ஒற்றைச் சேர்க்கப் பார்த்தால் அது அடுத்த சொல்லில் போய் ஒட்டிக்கொள்கிறது. பழைய டைப் கிளாஸில் வரியை மடக்கும்போது புள்ளி வைத்த எழுத்தில் புது வரி தொடங்கக் கூடாது என்பார்கள். அந்தப் பாடம் இங்கே உதவும்.

நடுவில் காற்புள்ளி வந்தால் ஒற்று வேண்டாம். 'மஞ்சக்குப்பத்துக்குப் போனார்' சரி. 'மஞ்சக்குப்பத்துக்கு, போன வாரம்தான் போனார்' என்பதும் சரி. அதே மாதிரி, “வருகிறேன்” என்றார் என்று எழுதும்போது மேற்கோளுக்குள் காற்புள்ளி போடுவதை நான் எடுத்துவிடுவேன். பேச்சு முடிந்ததை 'என்றார்' என்ற சொல்லே சொல்லிவிடுகிறது.

'2015இல்' என்று எழுதலாம், '2015-இல்' என்றும் எழுதலாம். ஒரு ஃபைலுக்குள் இரண்டும் வரக் கூடாது, அவ்வளவுதான்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத பிழைகள். ஃபோனில் விரலால் எழுதி அடிக்கும்போது 'எ' என்ற எழுத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழு (௭) விழுந்துவிடும். உருவம் கிட்டத்தட்ட ஒன்று. கௌரவம், மௌனம் என்பவற்றில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ள-வும் அடிப்பதும் அப்படியே. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் தேடினால் கிடைக்காது, அகர வரிசைப்படி அடுக்கினால் வேறு இடத்தில் போய் நிற்கும். தேடும் பெட்டியில் ஒற்றைக்கொம்போடு க-வும் ள-வும் அடித்து, கிடைப்பதை 'கௌ' என்று மாற்றுங்கள். ஆனால் 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானைத் தொடாதீர்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். மீனவர் வாழ்க்கை பற்றிய ஆய்வேடாக இருந்தால் கெளுத்தி மீன் வருகிற இடமெல்லாம் எழுத்து உடைந்துபோகும்.