பிளேஸ்டேஷன் கும்பகோணத்தில், ஆட்டம் தஞ்சாவூரில்: ரிமோட் ப்ளே செட் செய்வது எப்படி?

அக்கா மகன் தஞ்சாவூரில் கல்லூரியில் சேர்ந்து அறை எடுத்துத் தங்கினான். முதல் வாரமே போன். "மாமா, பிஎஸ்5 வீட்டுல சும்மாதானே கிடக்கு, இங்க எடுத்துட்டு வந்துடட்டுமா?" வேண்டாம் என்றேன். பிளேஸ்டேஷன் 5 பெட்டி கும்பகோணத்திலேயே இருக்கட்டும், ஆட்டத்தை மட்டும் உன் போனுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்கு வந்தபோது இருவரும் உட்கார்ந்து செய்தோம். முதல்முறை செய்பவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். ரிமோட் ப்ளேயில் கேம் உங்கள் போனுக்கு வருவதே இல்லை. அது வீட்டில் இருக்கும் கேம் பெட்டியில், அதாவது கன்சோலில்தான் ஓடுகிறது. படமும் ஒலியும் நெட் வழியாகப் போனுக்கு வருகின்றன, நீங்கள் அழுத்தும் பட்டன் திரும்பக் கன்சோலுக்குப் போகிறது. அதனால் 100 ஜிபி கேமாக இருந்தாலும் போனில் இடம் தேவையில்லை. டிஸ்க் கேம் என்றால் டிஸ்க் கன்சோலுக்குள் இருக்க வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்பும்போது எந்த டிஸ்க் உள்ளே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 1: கன்சோலில் அனுமதி

பிஎஸ்5இல் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ரிமோட் ப்ளே. உள்ளே போய் 'எனேபிள் ரிமோட் ப்ளே' என்பதை ஆன் செய்யுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே சிஸ்டம் பகுதியில் பவர் சேவிங் என்று இருக்கும். அதில் ரெஸ்ட் மோடில் (முழுதாக அணையாமல் தூங்கும் நிலை) என்னென்ன இயங்கலாம் என்ற பட்டியலைத் திறந்து, இன்டர்நெட் இணைப்பில் இருப்பதையும், நெட்வொர்க் வழியாக பிஎஸ்5ஐ ஆன் செய்வதையும் இயக்குங்கள். இவை இரண்டும் இல்லாவிட்டால் தூரத்திலிருந்து கன்சோலை எழுப்ப முடியாது. இனி கன்சோலை முழுதாக அணைக்காமல் ரெஸ்ட் மோடில் விடுங்கள்.

படி 2: வீட்டு நெட்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். நெட் வேகம் குறைந்தது 5 எம்பிபிஎஸ் வேண்டும், நன்றாக ஓட 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்று சோனி சொல்கிறது. நாம் எல்லோரும் டவுன்லோட் வேகத்தைத்தான் பார்ப்போம். இங்கே கன்சோல்தான் படத்தை வெளியே அனுப்புகிறது. ஆகவே வீட்டில் பார்க்க வேண்டியது அப்லோட் வேகம். வெளியூரில் உங்கள் கையில் இருக்கும் போனுக்குத்தான் டவுன்லோட் வேகம் முக்கியம்.

எங்கள் வீடு பழைய கும்பகோணத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், பின்னால் கொல்லை. செங்கல் சுவர் ஒவ்வொன்றும் அவ்வளவு தடிமன். ரௌட்டர் ரேழியில், கன்சோல் கூடத்தில். வைஃபையில் வைத்துப் பார்த்தபோது படம் கட்டம் கட்டமாக உடைந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் தடித்த சுவரைத் தாண்டும்போது வலுவிழந்துவிடும். கடையில் ஒரு நீளமான லேன் வயர் வாங்கி, நிலைப்படி ஓரமாக இழுத்து ரௌட்டரையும் கன்சோலையும் நேராக இணைத்தோம். அன்றோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. வேறு எதற்குச் செலவு செய்யாவிட்டாலும் இந்த வயருக்குச் செய்யுங்கள்.

படி 3: போனில் ஆப்

'பிஎஸ் ரிமோட் ப்ளே' ஆப்பை இறக்கி, கன்சோலில் இருக்கும் அதே கணக்கில் நுழையுங்கள். பிஎஸ்5ஐத் தேர்ந்தெடுத்தால் அதுவே தேடிக் கண்டுபிடிக்கும். கிடைக்கவில்லையென்றால், கன்சோலின் ரிமோட் ப்ளே பக்கத்தில் 'லிங்க் டிவைஸ்' என்பதை அழுத்துங்கள். திரையில் ஓர் எண் வரும், அதை ஆப்பில் போட்டால் இணைந்துவிடும். முதல் இணைப்பை வீட்டுக்குள்ளேயே, ஒரே வைஃபையில் செய்து பாருங்கள். வீட்டில் சரியாக ஓடாதது வெளியூரில் ஓடாது.

படி 4: கன்ட்ரோலர்

திரையில் தெரியும் பட்டன்களை வைத்து மெனுவில் சுற்றலாம், ஆடுவது கஷ்டம். பிஎஸ்5இன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸில் பிஎஸ் பட்டனையும் கிரியேட் பட்டனையும் சேர்த்து, விளக்கு மினுக்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் போனின் ப்ளூடூத்தில் சேர்த்துக்கொள்ளலாம். திரும்பக் கன்சோலோடு சேர்க்க, யூஎஸ்பி வயரில் செருகி பிஎஸ் பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும்.

இதற்கென்றே சோனி விற்கும் பிளேஸ்டேஷன் போர்ட்டலில் 8 அங்குலத் திரையும் கன்ட்ரோலரும் ஒன்றாகவே இருக்கும். அதில் சிம் கிடையாது, வைஃபை மட்டும்தான். ப்ளூடூத் ஹெட்போனும் சேராது.

படி 5: டேட்டா கணக்கு

5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் சுமார் 2.25 ஜிபி போய்விடும். 15 எம்பிபிஎஸ் என்றால் 6.75 ஜிபி. தினம் 2 ஜிபி பேக் வைத்திருப்பவருக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. எனவே அறையில் வைஃபை இருந்தால் அதில் ஆடுங்கள். மொபைல் டேட்டாதான் வழியென்றால் ஆப் செட்டிங்ஸில் படத் தரத்தை 540பி அல்லது 360பிக்குக் குறையுங்கள். போன் திரையில் 540பி கண்ணுக்கு உறுத்தாது. கதையோட்டமுள்ள கேம்களும், யோசித்து நகர்த்தும் கேம்களும் இதில் நன்றாக ஓடும். கிரிக்கெட் மாதிரி நொடிக்கணக்கில் பேட்டை வீச வேண்டியவை தாமதத்தால் கையை விட்டுப் போகும்.

கரண்ட் போனால்?

டெல்டாவில் இருப்பவர்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும், குறிப்பாக ஐப்பசி கார்த்திகை மழையில். கரண்ட் போய்த் திரும்ப வந்தாலும் பிஎஸ்5 தானாக ரெஸ்ட் மோடுக்கு வராது, அணைந்தே கிடக்கும். அணைந்த கன்சோலை நெட் வழியாக எழுப்ப முடியாது. வீட்டில் யாராவது பட்டனை அழுத்த வேண்டும். அதற்காகவே எங்கள் அக்காவுக்கு அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்துவிட்டோம். ரௌட்டரையும் கன்சோலையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டால் சின்னச் சின்ன வெட்டுகளைத் தாண்டிவிடலாம். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் முறையாக அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இடி மின்னலில் பெட்டி போனால் ரிமோட் ப்ளேக்கு அர்த்தமே இல்லை.

நின்டெண்டோ வைத்திருப்பவர்களுக்கு

சிங்கப்பூரிலிருந்து மாமா சித்தப்பா யாராவது நின்டெண்டோவின் கன்சோலான ஸ்விட்ச் வாங்கிவந்த வீடுகள் மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் உண்டு. அங்கே வழி வேறு. படம் அனுப்புவதில்லை, கேமே இடம் மாறுகிறது. 2025இல் வந்த 'வர்ச்சுவல் கேம் கார்ட்' முறையில், டிஜிட்டலாக வாங்கிய கேமை ஒரு ஸ்விட்சிலிருந்து எடுத்து, உங்களுடைய இன்னொரு ஸ்விட்சில் போடலாம். ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும். முதல்முறை இரண்டையும் பக்கத்தில் வைத்து இணைக்க வேண்டும். கடையில் வாங்கிய கார்ட்ரிட்ஜுக்கு இது பொருந்தாது.

நின்டெண்டோ கணக்கின் குடும்பக் குழுவில் இருக்கும் தம்பி தங்கைக்குக் கடனாகவும் கொடுக்கலாம். கொடுக்கும்போது இரண்டு கருவிகளும் அருகில் இருக்க வேண்டும். 14 நாளில் கேம் தானாகவே உங்களிடம் திரும்பிவிடும். அவர்கள் எதுவரை ஆடினார்கள் என்ற பதிவு (சேவ்) மட்டும் அவர்கள் கருவியிலேயே இருக்கும், அடுத்த முறை கடன் வாங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.