புகையிலையின் பிடியையும் விடும் மனத்தையும் அளக்கும் முறை

கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறிக் குமுளிக்கு மேலுள்ள ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களிடம் புகையிலையைப் பற்றிப் பேச விரும்பும் புதிய தன்னார்வலர், இரண்டு அளவுகளைத் தனித்தனியே எடுக்கப் பழக வேண்டும். நிகோடின் உடலை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது ஒன்று. விடுவதற்கு மனம் எவ்வளவு இசைந்திருக்கிறது என்பது மற்றொன்று.

முதலில், கண் விழித்த எத்தனை நிமிடத்தில் முதல் பீடி என்று கேளுங்கள். நிகோடின் பிடியை மதிப்பெண்ணால் அளக்க 1991-இல் வெளியான ஃபாகர்ஸ்ட்ராம் சோதனையின் ஆறு கேள்விகளில் இதுவே முதன்மையானது: 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், 30-க்குள் 2, 60-க்குள் 1, அதற்கு மேல் 0. இரத்தத்தில் நிகோடின் பாதியாகக் குறையச் சுமார் 2 மணி நேரமே ஆகும் என்பதால், உறங்கி எழுபவரிடம் அது வெகுவாக வற்றியிருக்கும். அந்த வறட்சியை உடல் எவ்வளவு நேரம் பொறுக்கிறது என்பதையே நாம் அளக்கிறோம். கடிகாரம் பார்த்து யாரும் பீடி பற்றவைப்பதில்லை. ஆகவே, "அண்ணே, கட்டஞ்சாயாவுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டு, அதிலிருந்து நிமிடத்தைக் கணிப்பது நல்லது.

அடுத்தது எண்ணிக்கை: நாளுக்கு 10 வரை 0, 20 வரை 1, 30 வரை 2, அதற்கு மேல் 3. கட்டுக் கணக்கை அப்படியே எழுதிவிடாதீர்கள்; ஒரு கட்டு பல கைகளுக்குப் போகும். மீதி நான்கு கேள்விகளுக்குத் தலா 1 மதிப்பெண். காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் புகைப்பாரா என்பது அவற்றில் ஒன்று. மொத்தம் 10-இல் 6-ஐத் தொட்டால் பிடி கடுமையானது.

புகையிலையை வாயில் அடக்குபவர்களுக்கு இச்சோதனையின் வேறு படிவம் உண்டு. அதில் சாற்றை விழுங்குவதும் கணக்கில் வரும்: எப்போதும் என்றால் 2, சில வேளை என்றால் 1. மடியிலுள்ள பொட்டலம் அட்டைக் கடிக்குக் காலில் தடவ மட்டும்தானா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகே மனத்தை அளக்க வேண்டும். விட எவ்வளவு தயார் என்பதை 0 முதல் 10 வரை சொல்லச் சொல்லுங்கள். 4 என்றால், ஏன் 8 இல்லை என்று கேட்காமல், ஏன் 2-ஆக இல்லை என்று கேளுங்கள். முன்னது சாக்குகளை வரவழைக்கும், பின்னது அவருடைய காரணங்களை அவர் வாயாலேயே சொல்லவைக்கும். 30 நாளுக்குள் விட எண்ணுபவரிடம் மட்டும் தேதி குறியுங்கள்.

பிடி கடுமையாக இருந்தும் மனம் இசைந்தவருக்கு முதல் 2, 3 நாட்களே மிகக் கடினமானவை. நிகோடின் சூயிங்கம் போன்ற உதவிக்கு மருத்துவரிடமும், பேச்சுத்துணைக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழியுண்டு. குறித்த தேதியை ஜீப்பில் அருகே அமர்ந்து பீடி நீட்டுபவரிடமும் சொல்லிவைக்கச் செய்யுங்கள்.