எஸ்தோனியாவின் வெளியுறவு: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகலை மாணவர்கள் எழுதும் சர்வதேச உறவுக் கட்டுரைகளைப் படித்துத் திருத்துவது என் பணியின் ஒரு பகுதி. வல்லரசு ஒன்றின் பிடியிலிருந்து மீண்ட சிறிய நாடு தன் வெளியுறவை எவ்வாறு அமைத்துக்கொண்டது என்று எழுதச் சொன்னால், அவர்களில் பலர் எஸ்தோனியாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது நல்ல தேர்வுதான். ஏறத்தாழ 45,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் 1991-இல் பதினைந்து லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகையும் கொண்ட அந்த நாடு, பதின்மூன்றே ஆண்டுகளில் நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் உறுப்பினரானது. ஆனால் எங்கள் தலைமுறை எழுதத் தொடங்கியபோது இருந்த அதே பிழைகள் இன்றைய கட்டுரைகளிலும் அப்படியே திரும்ப வருகின்றன. எஸ்தோனியத் தலைநகர் தாலினையும் லாத்வியத் தலைநகர் ரீகாவையும் மாற்றி எழுதுவது போன்றவற்றை இங்கே நான் பேசப்போவதில்லை. ஒரு வரைபடம் அவற்றைத் திருத்திவிடும். வாதத்தையே சாய்த்துவிடும் தவறுகள்தான் இங்கே முக்கியம்.

1991-இல் பிறந்த நாடாகக் கருதித் தொடங்குவது

எத்தனை முறை சுட்டிக்காட்டினாலும் மறையாத தவறு இது. இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுவே. "சோவியத் ஒன்றியம் சிதறியபோது தோன்றிய பதினைந்து புதிய நாடுகளுள் ஒன்று" என்று முதல் வரியை எழுதிவிட்டால், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு பக்கமும் தடம் மாறிவிடுகிறது.

எஸ்தோனியக் குடியரசு 1918 பிப்ரவரி 24 அன்று அறிவிக்கப்பட்டது. 1920 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான தார்த்து அமைதி ஒப்பந்தத்தில் சோவியத் ரஷ்யா அதன் சுதந்திரத்தை ஏற்று, அந்த நிலத்தின் மீதான உரிமைகளை என்றென்றைக்குமாகக் கைவிட்டது. 1921-இல் அது, ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கத்தில் உறுப்பினரானது. 1939 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் இரகசியப் பிரிவுகள் அந்நாட்டை மாஸ்கோவின் செல்வாக்கு வட்டத்தில் வைத்தன. 1940 ஜூனில் சோவியத் படை உள்ளே வந்தது, ஆகஸ்டில் நாடு இணைத்துக்கொள்ளப்பட்டது. இந்த இணைப்பு சட்டத்துக்குப் புறம்பானது, ஆகவே 1918-இல் பிறந்த அரசு ஒருபோதும் அழியவில்லை, ஆக்கிரமிப்பின் கீழ் இருந்தது என்பதே எஸ்தோனியாவின் நிலைப்பாடு. 1991 ஆகஸ்ட் 20 இரவு தாலினில் நிறைவேறிய சுதந்திரத் தீர்மானமும் அந்தத் தொடர்ச்சியின் மீதே நிற்கிறது. இந்தச் சட்டத் தொடர்ச்சிக் கொள்கையை வரலாற்றுப் பெருமிதமாக எண்ணி மாணவர்கள் கடந்துபோகிறார்கள். அந்நாட்டு வெளியுறவு முழுவதும் அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

ஒரு மாணவரின் ஆய்வேட்டை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். மிகுந்த உழைப்பாளியான அவர், 1991-இல் எந்த நாடு எந்த நாளில் எஸ்தோனியாவை அங்கீகரித்தது என்று நீண்ட அட்டவணை ஒன்றைத் தயாரித்து, முந்தியவர் நெருங்கிய நண்பர், பிந்தியவர் தயங்கியவர் என்று தரவரிசை கொடுத்திருந்தார். ஆகஸ்ட் 22 அன்று முன்வந்த ஐஸ்லாந்து முதலிடத்தில் இருந்தது. அதில் பிழையில்லை, வெளியுறவு அமைச்சர் யோன் பால்ட்வின் ஹன்னிபால்சன் காட்டிய துணிவு பாராட்டத்தக்கதே. ஆனால் செப்டம்பர் 2 வரை காத்திருந்த அமெரிக்கா பட்டியலின் கீழே தள்ளப்பட்டிருந்தது. 1940 ஜூலை 23 அன்றே, அமெரிக்க வெளியுறவுத் துறையின் பொறுப்பில் இருந்த சம்னர் வெல்லஸ் அந்த இணைப்பைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார் என்பதும், அதன் பின் அரை நூற்றாண்டுக் காலம் அமெரிக்கா அந்த இணைப்பைச் சட்டப்படி ஏற்கவே இல்லை என்பதும் அந்த அட்டவணையில் எங்கும் இல்லை. நியூயார்க்கில் எஸ்தோனியத் துணைத் தூதரகம் அந்தக் காலம் முழுவதும் திறந்தே இருந்தது. 1919-இல் எஸ்தோனிய வெளியுறவுப் பணியில் சேர்ந்த எர்ன்ஸ்ட் யாக்சன், 1965 முதல் அங்கே தலைமை வகித்து, 1991-இல் அதே அரசின் சார்பில் அமெரிக்காவுக்கான தூதராகவும் ஐ.நா. பிரதிநிதியாகவும் பொறுப்பேற்றார். அமெரிக்கா 1991-இல் சில நாள் தாமதித்தது உண்மை. சோவியத் தலைவர் கோர்பசேவுக்கு நெருக்கடி தரக் கூடாது என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருந்தது. ஆனால் அது வேறு கேள்வி, வேறு அத்தியாயத்துக்கு உரியது.

பின்லாந்தையும் அந்த அட்டவணை தவறாகவே எடைபோட்டது. 1920-இல் தான் அளித்த அங்கீகாரம் இன்னும் செல்லுபடியாகிறது, எனவே புதிதாக அங்கீகரிக்கத் தேவையில்லை, தூதரக உறவை மீட்டால் போதும் என்று ஹெல்சிங்கி அறிவித்தது. புதிய அங்கீகாரம் தேடிய ஆய்வேடு அதைத் தயக்கமாகப் பதிவு செய்திருந்தது. இரண்டு அத்தியாயங்களை முழுவதுமாகத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. அந்த உழைப்பு வீணானது எனக்கு இன்றும் வருத்தமே.

இந்தக் கொள்கையால் எஸ்தோனியா பெற்றவற்றைப் பட்டியலிட்டால்தான் அதன் எடை புரியும். முதலாவது, பணம். போருக்கு முன் வெளிநாட்டு வங்கிகளில் வைத்திருந்த தங்கத்தை, அதே அரசு என்ற முறையில் அது திரும்பக் கேட்டது. பிரிட்டன் அந்தத் தங்கத்தை 1960-களின் இறுதியில் சோவியத் ஒன்றியத்துடனான கணக்குத் தீர்வில் பயன்படுத்திவிட்டிருந்தது. சுவீடன் 1940-லேயே மாஸ்கோவிடம் ஒப்படைத்திருந்தது. இருவருமே 1992-இல் ஈடு செய்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 20 அன்று, ஒரு ஜெர்மன் மார்க்குக்கு எட்டு குரூன் என்ற நிலையான மதிப்பில் புதிய நாணயம் வெளிவந்தபோது, அதற்குப் பின்பலமாக நின்றவற்றுள் இந்தத் தங்கமும் ஒன்று. இரண்டாவது, கடன். சோவியத் ஒன்றியத்தின் வெளிநாட்டுக் கடனில் பங்கேற்க எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா ஆகிய மூன்று பால்டிக் நாடுகளும் மறுத்தன. ஆக்கிரமிக்கப்பட்டவர் ஆக்கிரமித்தவரின் கடனுக்கு வாரிசாக முடியாது என்பது அவர்கள் வாதம். மூன்றாவது, படைகள். ரஷ்யப் படைகள் தங்க எந்த ஒப்பந்த அடிப்படையும் இல்லை, எனவே பேச வேண்டியது வெளியேறும் நாளைப் பற்றி மட்டுமே என்று எஸ்தோனியா உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அதே கொள்கை விலையும் கேட்டது. தார்த்து ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்றால், அது வரைந்த எல்லையும் உயிரோடு இருக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. 1944–45-இல் நார்வா ஆற்றுக்கு அப்பாலான பகுதியும் பெட்செரி வட்டாரத்தின் பெரும்பகுதியும், சோவியத் ஒன்றியத்தின் அங்கமாக இருந்த ரஷ்யக் குடியரசோடு சேர்க்கப்பட்டன. போருக்கு முந்தைய நிலப்பரப்பில் அது ஏறத்தாழ ஐந்து விழுக்காடு. 1992-இல் ஏற்கப்பட்ட அரசமைப்பின் 122-ஆம் பிரிவு, நில எல்லை தார்த்து ஒப்பந்தத்தாலும் பிற எல்லை ஒப்பந்தங்களாலும் வரையறுக்கப்படுகிறது என்கிறது. நிலத்தை மீட்க முடியாது என்பதை உணர்ந்த தாலின், 1990-களின் நடுப்பகுதியில் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. 2005 மே 18 அன்று மாஸ்கோவில் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மாதம் எஸ்தோனிய நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளிக்கும் சட்டத்தின் முகவுரையில் தார்த்து ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்டியது. ரஷ்யா தன் கையெழுத்தையே திரும்பப் பெற்றது. 2014 பிப்ரவரியில் மீண்டும் கையெழுத்திட்டார்கள். அந்த ஒப்பந்தமும் நடைமுறைக்கு வரவில்லை.

ஒரு முகவுரை வரிக்காகப் பெரிய அண்டை நாட்டுடனான ஒப்பந்தத்தை யாராவது கெடுத்துக்கொள்வார்களா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டார். கேள்வி நியாயமானது, 1991-இல் பிறந்த நாடாக எண்ணினால் அதற்கு விடையே கிடையாது. 1920 ஒப்பந்தம் செத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால், எஸ்தோனியா சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்த வாரிசு அரசாகிவிடும். குடியுரிமைச் சட்டம், கடன் மறுப்பு, ஆக்கிரமிப்பு என்ற சொல், எல்லாமே அடித்தளம் இழக்கும். மாஸ்கோவுக்கோ அந்த வரியை ஏற்றால் நிலக் கோரிக்கையும் இழப்பீடும் பின்தொடரும் என்ற அச்சம். என் கருத்தைக் கேட்டால், எஸ்தோனியாவின் கொள்கை சரியானது, 2005-இல் அதைச் சொன்ன இடமும் நேரமும் சரியானவை அல்ல. அரசு கையெழுத்திட்டு வந்த பிறகு நாடாளுமன்றம் முகவுரை சேர்த்தது, அதே கருத்தைத் தனித் தீர்மானமாக வெளியிடும் வாய்ப்பைத் தவறவிட்டது.

மூன்று பால்டிக் நாடுகளையும் ஒரே கயிற்றில் கட்டுவது

1989 ஆகஸ்ட் 23 அன்று தாலினிலிருந்து லிதுவேனியத் தலைநகர் வில்னியஸ் வரை கைகோத்து நின்ற மனிதச் சங்கிலி மூன்று நாடுகளையும் உலகின் கண்ணில் ஒன்றாக்கியது. வெளியுறவில் அவை அவ்வளவு ஒன்றாக நடக்கவில்லை. லிதுவேனியா 1990 மார்ச் 11 அன்றே சுதந்திரத்தை மீட்டதாக அறிவித்து, மாஸ்கோவின் பொருளாதார முற்றுகையைத் தாங்கியது. எஸ்தோனியா அதே மாத இறுதியில் இடைமாற்றக் காலம் ஒன்றைத்தான் அறிவித்தது. லிதுவேனியாவிலிருந்து ரஷ்யப் படைகள் 1993 ஆகஸ்டிலேயே வெளியேறின. எஸ்தோனியாவும் லாத்வியாவும் மேலும் ஓராண்டு காத்திருந்தன. லிதுவேனியாவுக்கு, வில்னியஸ் நகர் யாருக்கு உரியது என்பதில் போலந்துடன் இருந்த பழைய மனக்கசப்பைத் தீர்க்க வேண்டியிருந்தது. எஸ்தோனியாவுக்கு, வளைகுடாவுக்கு அப்பால் ஏறத்தாழ 80 கிலோமீட்டரில், உறவுமொழி பேசும் பின்லாந்து இருந்தது. 1997 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் லக்சம்பர்க் மாநாட்டில் பேச்சுவார்த்தைக்கு அழைத்தபோது, மூவரில் எஸ்தோனியா மட்டுமே முதல் வரிசையில் இடம்பெற்றது. மற்ற இரு தலைநகரங்களிலும் அது கசப்பை உண்டாக்கியது.

சுதந்திர நாடுகளின் பொதுநலவாயத்தில் சேர்த்து எழுதுவது

சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அதன் முன்னாள் குடியரசுகள் பல சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு அது. எஸ்தோனியா அதில் ஒருநாளும் உறுப்பினராக இருந்ததில்லை.

ரஷ்யாவை எப்போதும் ஒரே முகமாகப் பார்ப்பது

1991 ஜனவரியில் வில்னியஸில் சோவியத் படையினர் மக்களைக் கொன்றபோது, ரஷ்யக் குடியரசின் தலைவராக இருந்த போரிஸ் யெல்ட்சின் தாலினுக்கு வந்து பால்டிக் தலைவர்களின் பக்கம் நின்றார். ரஷ்யக் குடியரசும் எஸ்தோனியாவும் ஒன்றையொன்று இறையாண்மை கொண்டவையாக ஏற்கும் ஒப்பந்தம் அந்த மாதமே கையெழுத்தானது. ஆகஸ்ட் 24 அன்று ரஷ்யா எஸ்தோனியாவின் சுதந்திரத்தை அங்கீகரித்தது. சோவியத் ஒன்றியம் செப்டம்பர் 6 அன்றுதான் அதைச் செய்தது. இந்த இரண்டு நாள்களையும் ஒன்றாகக் குழப்பும் கட்டுரைகளுக்கு, மாஸ்கோவிலேயே இரு அதிகாரங்கள் மோதிக்கொண்டிருந்தன என்பதும், அந்த இடைவெளியைத் தாலின் தெரிந்தே பயன்படுத்தியது என்பதும் புலப்படுவதில்லை.

அதே யெல்ட்சின்தான் பின்னர் படை விலக்கத்தை ரஷ்ய மொழியினரின் உரிமைகளோடு பிணைத்தார். 1994 ஜூலை 26 அன்று அவரும் எஸ்தோனியக் குடியரசுத் தலைவர் லென்னார்ட் மெரியும் மாஸ்கோவில் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 31-க்குள் படைகள் வெளியேறும், ஓய்வுபெற்ற சோவியத் இராணுவத்தினர் எஸ்தோனியாவில் தங்க உரிமை பெறுவார்கள் என்பது பேரம். இந்த இரண்டாவது பகுதி உள்நாட்டில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. முன்னாள் சோவியத் கடற்படைத் தளமான பால்திஸ்கியில் அணுநீர்மூழ்கிப் பயிற்சி மையத்தின் இரண்டு உலைகளை அகற்ற 1995 செப்டம்பர் வரை ஆனது.

நேட்டோ தானாக வந்து அணைத்துக்கொண்டதாக எழுதுவது

1990-களின் பெரும்பகுதியில் மேற்குத் தலைநகரங்கள் பால்டிக் உறுப்பினர் கோரிக்கையைத் தள்ளிப்போட்டே வந்தன. 1998 ஜனவரியில் அமெரிக்காவுடன் கையெழுத்தான பால்டிக் சாசனம் நல்லெண்ணத்தைத் தெரிவித்தது, பாதுகாப்பு உறுதி எதையும் தரவில்லை. 2002 நவம்பரில் பிராகில் அழைப்பு வந்தது. 2004 மார்ச் 29 அன்று உறுப்புரிமை கிடைத்தது. இடையில் மூன்று நாடுகளும் கூட்டு அமைதிகாப்புப் படைப்பிரிவை உருவாக்கியதையும், ஐரோப்பிய ஒன்றியத்துடன் இடைக்காலச் சலுகை எதுவும் கேட்காமல் எஸ்தோனியா 1995 தொடக்கத்திலிருந்தே தடையற்ற வணிகத்தை ஏற்றதையும் சொல்லாமல், விளைவை மட்டும் சொல்லும் கட்டுரை வாசகருக்கு எதையும் விளக்குவதில்லை.

2007 இணையத் தாக்குதலிலிருந்து கதையைத் தொடங்குவது

எஸ்தோனிய அரசு, வங்கி இணையதளங்களை முடக்கிய அந்தத் தாக்குதலின்போது அந்நாடு நேட்டோவில் சேர்ந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. பின்னோக்கிச் செல்லுங்கள்.

குடியுரிமைச் சிக்கலை உள்நாட்டு விவகாரமாக ஒதுக்கிவிடுவது

1992 பிப்ரவரியில் எஸ்தோனியா 1938-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1940-க்கு முந்தைய குடிமக்களும் அவர்கள் வழித்தோன்றல்களும் தாமாகவே குடிமக்களானார்கள். சோவியத் காலத்தில் குடியேறியோர் மொழித் தேர்வெழுதி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் குடியுரிமை இல்லாமல் நின்றார்கள். இதைப் பழிவாங்கல் என்று ஒரு வரியில் முடிக்கும் கட்டுரைகளும், சட்டப்படி சரியே என்று ஒரு வரியில் முடிக்கும் கட்டுரைகளும் எனக்குச் சம அளவில் ஏமாற்றம் தருகின்றன. சட்டத் தொடர்ச்சியிலிருந்து அது நேராகப் பிறந்தது உண்மை. பிறந்த மண்ணிலேயே பலர் அயலாராக்கப்பட்டதும் உண்மை.

வெளியுறவு இதற்குள் எப்படி நுழைந்தது என்பதைக் காண 1993-ஐப் படிக்க வேண்டும். அந்தக் கோடையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வெளிநாட்டவர் சட்டத்துக்கு மெரி கையெழுத்திட மறுத்து, ஐரோப்பிய அமைப்புகளின் நிபுணர் கருத்தைக் கேட்டார், சட்டம் திருத்தப்பட்டது. ரஷ்ய மொழியினர் பெரும்பான்மையாக வாழும் நார்வாவிலும் சில்லமேயிலும் ஜூலையில் தன்னாட்சிக்கான வாக்கெடுப்பு நடந்தபோது, தாலின் அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்ததேயன்றிப் பலத்தால் தடுக்கவில்லை. ஐரோப்பியப் பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்பு மாநாடு என்ற பன்னாட்டு அமைப்பின் சிறுபான்மையினருக்கான உயர் ஆணையர் மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் இருதரப்பிலும் பேசினார். அதே அமைப்பு அனுப்பிய பணிக்குழு 1993 முதல் 2001 இறுதி வரை எஸ்தோனியாவில் இயங்கியது. அந்தப் பணிக்குழு வெளியேற வேண்டும் என்பதும், அதற்காகத் தேர்தல் வேட்பாளர்களுக்கான மொழி நிபந்தனையை நீக்குவதும் 2001-இல் தாலினில் சூடான விவாதங்களாயின. நிபந்தனை நீக்கப்பட்டது, பணிக்குழு டிசம்பரில் விடைபெற்றது, பிராக் அழைப்பு அடுத்த ஆண்டு வந்தது. குடியுரிமை அத்தியாயத்தையும் நேட்டோ அத்தியாயத்தையும் தனித்தனியே எழுதியிருப்பவர்கள், கட்டுரையை என்னிடம் தருவதற்கு முன் அவற்றை ஒன்றாக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.