எயார் ஃபில்டரில் கை வைப்பதற்கு முன்: த்ரொட்டில் தயக்கத்துக்கு நாம் செய்யும் தவறான வைத்தியங்கள்

வெள்ளவத்தையில் சிக்னல் பச்சையாகிறது. பின்னால் 100ஆம் இலக்க பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கிறது. த்ரொட்டிலைத் திருகுகிறீர்கள். பைக் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டு, அப்புறம்தான் திடுக்கென்று பாய்கிறது. காலி வீதி நெரிசலில் அந்த ஒரு கணம் பயங்கரமானது. முன்னால் விழுந்த இடைவெளியில் ஒரு ஓட்டோ நுழைந்திருக்கும், நீங்கள் அதை நோக்கிப் பாய்ந்துகொண்டிருப்பீர்கள்.

இப்படி ஒரு பைக்கைப் பார்த்தால் யாரும் முதலில் சொல்வது, "இதுக்குக் காத்துப் போதவில்லை, திறந்து விடு" என்பதுதான். நானும் அப்படித்தான் நம்பினேன். என் பெரியம்மாவின் மகன் கனடாவில் ஸ்னோமொபைல் என்கிற பனி வண்டி ஓட்டுபவர். எனக்கு அண்ணன் முறை. போனில் பேசும்போது, "எங்கட வண்டியில எயார் ஃபில்டரே இல்லை தம்பி, பனி உள்ள போகாம ஒரு வலை மட்டும்தான்" என்றார். அதைக் கேட்டுவிட்டு என் 150 சிசி பைக்கின் ஃபில்டரைக் கழற்றி வைத்தேன். முதல் வாரம் சத்தம் கம்பீரமாக இருந்தது, இழுவையும் கூடியதுபோல் தோன்றியது. மூன்றாம் மாதம் எஞ்சின் ஒயில் குறையத் தொடங்கியது. சைலன்ஸரில் நீலப்புகை. சிலிண்டரைக் கழற்றியபோது உட்சுவரில் மேலிருந்து கீழாக மெல்லிய கீறல்கள், நகத்தால் வருடினால் தட்டுப்படும் அளவுக்கு. ரீபோர் செய்துதான், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கித்தான் மீண்டேன்.

அண்ணன் சொன்னது அவருடைய ஊருக்குச் சரி. பனிமூடிய வெளியில் தூசி கிடையாது, அதனால் அந்த வண்டிகளுக்குத் தூசி வடிகட்டி தேவைப்படுவதில்லை. கொழும்பில் நிலைமை வேறு. ஒரு லீட்டர் பெற்றோல் ஒழுங்காக எரிய 9,000 லீட்டருக்கும் அதிகமான காற்று வேண்டும். பஞ்சிகாவத்தை, கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு நாள் முழுக்க ஓடும் பைக் எவ்வளவு மண்ணையும் சீமெந்துத் தூசியையும் உறிஞ்சும் என்று இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மண்ணில் இருக்கும் சிலிக்கா, பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவில் அரத்தாள் போலத்தான் வேலை செய்யும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. மைனஸ் 20 பாகைக் குளிரில் காற்று அடர்த்தியானது. நமது 30 பாகை வெயிலில் அதே கன அளவுக் காற்றின் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட் துளையின் குளிர் நாட்டு அளவும் காற்று வழி யோசனைகளும் இங்கே அப்படியே பொருந்தாததற்கு இதுவும் காரணம். எஞ்சினுக்கு வேண்டியது அளவான காற்று. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று. காற்றை மட்டும் கூட்டிவிட்டுப் பெற்றோலைக் கூட்டாவிட்டால் கலவை மெலியும். த்ரொட்டிலைத் திருகியவுடன் வருகிற அந்தத் தயக்கம் பெரும்பாலும் கலவை மெலிந்ததன் அடையாளம்தான். அதாவது காற்றைத் திறந்துவிட்டால் நாம் தீர்க்க நினைத்த நோயே கூடிவிடும்.

எயார் பொக்ஸை வெட்டுவதும் கூம்பு ஃபில்டர் போடுவதும்

சீட்டுக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியை வெறும் தடை என்று நினைத்து அதில் ஓட்டை போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பெட்டிதான் காற்றின் துடிப்பை அடக்கி, காற்றையும் பெற்றோலையும் கலக்கும் கார்பரேட்டருக்கு அமைதியான காற்றைக் கொடுக்கிறது. பெட்டியின் கொள்ளளவும் காற்று நுழையும் மூக்குக் குழாயின் நீளமும் கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டவை. வெட்டினால் உறுமல் கூடும். நகரத்தில் நாம் அதிகம் ஓட்டுகிற நடு வேகத்தில் இழுவை குறையும்.

பெட்டியைக் கழற்றிவிட்டுக் கார்பரேட்டரில் நேராக மாட்டும் கூம்பு ஃபில்டர் விஷயத்தில் சிவி கார்பரேட்டர் உள்ள பைக்காரர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கார்பரேட்டரின் தலையில் அகலமான வட்ட மூடி இருந்தால் அது பெரும்பாலும் சிவி வகைதான். இந்த வகையில் உங்கள் கேபிள் திறப்பது உள்ளே இருக்கும் ஒரு தட்டை மட்டும். பெற்றோல் ஊசியைத் தூக்குகிற பிஸ்டன், காற்றழுத்த வித்தியாசத்தால் தானாக மேலே ஏற வேண்டும். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வது மூடிக்குக் கீழே இருக்கும் ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு. அதன் அடிப்பக்கத்துக்குக் காற்றுப் போகிற சிறு துளை கார்பரேட்டரின் வாய்ப்பக்கத்தில் இருக்கிறது. சில கூம்பு ஃபில்டர்களின் ரப்பர் விளிம்பு சரியாக அந்தத் துளையை மூடிவிடும். பிஸ்டன் ஏறாது. நீங்கள் முழுதாகத் திருகினாலும் பைக் ஊமையாக நிற்கும்.

அந்தச் சவ்வே கிழிந்திருந்தாலும் இதே கதைதான். பஞ்சிகாவத்தையில் நான் சாமான் வாங்கும் கடை நானா ஒருமுறை என் கார்பரேட்டரின் சவ்வைப் பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இரண்டு விரலால் மெல்ல இழுத்துக் காட்டினார். மடிப்பு ஓரத்தில் குண்டூசி முனையளவு ஒரு வெளிச்சப் புள்ளி. "இந்தப் பொட்டுத்தான் தம்பி உங்கட பைக்கை இழுக்க விடாம வெச்சிருக்கு" என்றார். அதற்கு முன்னால் ஒரு கராஜில் மெயின் ஜெட், பிளக், கொயில் என்று வரிசையாக மாற்றிவிட்டுப் பணம் வாங்கியிருந்தார்கள். நீங்களும் வீட்டில் பார்க்கலாம். கார்பரேட்டரைக் கழற்றி வாய்வழியே பிஸ்டனை விரலால் மேலே தூக்கி விடுங்கள். தடையில்லாமல், சீராக, மெதுவாக இறங்கி அமர வேண்டும். டக்கென்று விழுந்தால் சவ்வு சந்தேகம். நடுவில் சிக்கினால் பிஸ்டனில் பிசின் படிந்திருக்கிறது, துடைத்தால் போதும்.

ஃபில்டரைக் கழுவுவதில் நடக்கும் கொலை

ஸ்பொஞ்ச் ஃபில்டரும் பேப்பர் ஃபில்டரும் ஒன்றல்ல. ஸ்பொஞ்சைக் கழுவலாம், ஆனால் பெற்றோலில் அல்ல. பெற்றோல் ஒட்டுப் பசையைக் கரைக்கும், நெருப்பு அபாயம் வேறு. சவர்க்காரத் தண்ணீர் போதும். துணி பிழிவதுபோல் முறுக்கக் கூடாது, உள்ளங்கையால் அழுத்தி எடுக்க வேண்டும். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு ஃபில்டர் ஒயில் ஊற்றிப் பிசைந்து, மிச்சத்தை அழுத்தி வெளியேற்ற வேண்டும். ஒயில் போடாத ஸ்பொஞ்சில் நுண்ணிய தூசி தாராளமாகக் கடந்து போகும். ஒயில் சொட்டச் சொட்ட மாட்டினால் காற்று அடைபடும்.

பேப்பர் ஃபில்டரைக் கழுவவே கூடாது. உலர்ந்த வகையாக இருந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம், அதுவும் உள்ளிருந்து வெளியே, அழுத்தத்தைக் குறைத்து. சேர்விஸ் நிலையங்களில் வெளிப்பக்கத்திலிருந்து பலமாக ஊதித் தூசியை உள்மடிப்புக்குள் தள்ளிவிடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்காது. சில பைக்குகளில் தொழிற்சாலையிலேயே ஒயில் ஊட்டிய பேப்பர் வருகிறது, தொட்டால் பிசுபிசுக்கும். அதை ஊதவும் கூடாது. காலம் வந்தால் மாற்றுவதுதான் ஒரே வழி. கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கைவிட முன்னதாகவே மாற்றுங்கள் என்பது என் யோசனை. தூசி மிகுந்த இடங்களுக்கு அப்படித்தான் கையேடுகளும் சொல்கின்றன.

மழைக்காலத்தில் எயார் பொக்ஸின் அடியில் தொங்கும் சிறிய வடிகுழாயையும் பாருங்கள். மூடி போட்ட அந்தக் குழாயில் தண்ணீரும் ஒயிலும் தேங்கும். காற்று நுழையும் மூக்குக் குழாய் பக்கம் ஹை பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

ஸ்குரூவைத் திருகுகிற பழக்கம்

காற்று-பெற்றோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்குரூவைக் கண்டபடி திருகுவதுதான் நம்மிடையே மிகவும் பரவிய தவறு. திருகுவதற்கு முன் அது எந்த ஸ்குரூ என்று தெரிய வேண்டும். கார்பரேட்டரின் ஃபில்டர் பக்கத்தில் இருந்தால் அது காற்று ஸ்குரூ. வெளியே திருகினால் கலவை மெலியும். எஞ்சின் பக்கத்தில் இருந்தால் பெற்றோல் ஸ்குரூ. வெளியே திருகினால் பெற்றோல் கூடிக் கலவை தடிக்கும். இரண்டும் நேர் எதிர். யூடியூப் வீடியோவில் இருப்பது வேறு மொடல் என்றால் நீங்கள் தலைகீழாகத் திருகிக்கொண்டிருப்பீர்கள். எதையும் தொடுமுன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அமர்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். இறுக்கினால் ஊசிமுனை உடைந்து துளைக்குள்ளேயே தங்கிவிடும், பிறகு கார்பரேட்டரையே மாற்ற வேண்டி வரலாம்.

நுவரெலியா பயணத்தில் இந்தப் பழக்கம் இன்னும் ஆபத்து. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டர் பைக்குக்குக் கலவை தடித்து, ரம்பொடை ஏற்றத்தில் இருமத் தொடங்கும். உடனே வீதியோரத்தில் நிறுத்தி ஸ்குரூவைத் திருகிச் சரிசெய்கிறார்கள். அங்கே நன்றாக ஓடும். அதே அமைப்போடு கொழும்புக்கு இறங்கினால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் இன்னும் மோசம். பெற்றோலோடு ஒயிலைக் கலந்து ஊற்றும் வகையில் ஒயிலும் பெற்றோலோடுதான் போகிறது, கலவை மெலிந்தால் பிஸ்டனே பிடித்துக்கொள்ளும். மலையில் ஓரிரு நாள் இருமினால் இருமட்டும். அல்லது திருகிய அளவை எழுதி வைத்து, இறங்கியதும் பழைய இடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

ஃபில்டர் மேல் பழி போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கார்பரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாய் நம் வெப்பத்தில் காய்ந்து வெடிக்கும். வெளியே கீறல் தெரியாது, வளைத்துப் பார்த்தால்தான் வாய் திறக்கும். அதன் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. எஞ்சினை ஐட்லில், அதாவது த்ரொட்டிலைத் திருகாத ஓட்டத்தில் விட்டு அந்த இணைப்பில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஓட்டத்தின் சத்தம் மாறினால் அங்கேதான் கசிவு.

அப்புறம் கேபிள். கடற்காற்று வீசும் ஊரில் கேபிளின் உள்கம்பி துருப்பிடிப்பது சாதாரணம். மரைன் டிரைவ் பக்கம் வெளியில் நிறுத்தும் பைக் என்றால் சொல்லவே வேண்டாம். த்ரொட்டில் பிடியில் 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை சும்மா அசைவு இருக்க வேண்டும். அதைவிட அதிகமாக இருந்தால், "ரெஸ்பொன்ஸ் இல்லை" என்று நீங்கள் சொல்வது அந்த வெற்றுத் திருகலைத்தான். நிறுத்தி வைத்து ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஐட்ல் ஏறக் கூடாது, விட்ட த்ரொட்டில் தானாக மூட வேண்டும். ஒரு புதுக் கேபிளில் தீர்ந்துபோன 'காற்றுப் பிரச்சினைகள்' எத்தனையோ.

கார்பரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் கணக்கிட்டுப் பெற்றோல் தெளிக்கும் எஃப்ஐ பைக் என்றால் வேலை குறைவு, ஆனால் ஒரு தவறு பெரியது. காற்று வழியைத் திறந்து மூடும் பாகமான த்ரொட்டில் பொடியில் பெயிண்ட் பூசி மூடிய ஸ்டொப் ஸ்குரூவைத் தொடவே கூடாது. அது தொழிற்சாலையில் அமைத்தது. கம்பி, பிரஷ் எதுவும் வேண்டாம். த்ரொட்டில் பொடி கிளீனரை மென்மையான துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். ஃபில்டரை மாற்றினால் கம்ப்யூட்டர் தானே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்பதும் பாதி உண்மைதான். ஒக்சிஜன் சென்சரைப் பார்த்துத் திருத்துவது சீரான, மெதுவான ஓட்டத்தில். முழுதாகத் திருகும்போது பெரும்பாலும் அது ஏற்கெனவே எழுதி வைத்த கணக்கைத்தான் நம்புகிறது.

என்ன மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஞாயிறு காலையில் நான் மரைன் டிரைவில், அதே கியர், அதே வேகத்திலிருந்து த்ரொட்டிலைத் திறந்து பார்ப்பேன். திரும்பி வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவேன். நடு மின்முனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரியாக இருந்தால் கலவை தடிப்பு, அந்த நிலையில் புகைப் பரிசோதனைக்குப் போனால் கார்பன் மொனொக்சைட் அளவில் மாட்டிக்கொள்வீர்கள். சாம்பல் வெள்ளையாக இருந்தால் கலவை மெலிவு, அன்றைக்கு நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். ஒயில் பளபளப்போடு ஈரமாக இருந்தால் ஃபில்டரைத் தாண்டிய தூசி ஏற்கெனவே ரிங்கைத் தின்றிருக்கக் கூடும். அப்போது கம்ப்ரெஷன் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.